அண்ணனின் டர்ன் நோட்டு

2025 மே 9, வெள்ளிக்கிழமை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பதுதான் தொழில். எதிரே உள்ள பேக்கரி டிவியில் மலையாளச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பஹல்காம், ஆபரேஷன் சிந்தூர், எல்லையில் ட்ரோன் என்று அந்த வாரம் ஊரே டிவி முன்னால்தான் கிடந்தது. பேக்கரிக்காரர் வாசலுக்கு வந்து கையைத் தட்டினார். "தம்பி, டெரிட்டோரியல் ஆர்மின்னு சொல்றாங்க. உங்க அண்ணன் இருக்கற பட்டாளமல்லோ?"

அண்ணன் அப்போது ஒரு 5 எச்.பி. மோட்டாரின் ஸ்டேட்டரை, அதாவது கம்பி சுற்றியிருக்கும் அசையாத பகுதியை, மடியில் சாய்த்து, எரிந்துபோன கம்பியை ஸ்லாட்டிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். எழுந்து போகவில்லை. என் கைபேசியை வாங்கி அந்தச் செய்தியைத் தேடிப் படித்தார். மே 6ஆம் தேதியிட்ட அரசாணை. டெரிட்டோரியல் ஆர்மியின் எந்த அதிகாரியையும் எந்த வீரரையும் பணிக்குக் கூப்பிட ராணுவத் தலைமைத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். இருக்கிற 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐ வடக்கு, கிழக்கு, தெற்கு, அந்தமான் என்று எந்தப் பக்கமும் அனுப்பலாம். ஆணைக்கு ஆயுள் 2025 பிப்ரவரி 10 முதல் 2028 பிப்ரவரி 9 வரை.

இரண்டு தடவை படித்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். விட்ட இடத்திலிருந்து கம்பியை உருவ ஆரம்பித்தார். மத்தியானம் அம்மா போன் செய்து, "மறுபடியுமா சாமி?" என்று மட்டும் கேட்டார். அண்ணி போனே செய்யவில்லை. எனக்கு அதுதான் அதிகம் உறைத்தது.

டெரிட்டோரியல் ஆர்மியைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டி.ஏ. என்றுதான் சொல்வோம். அது முழுநேர வேலை கிடையாது. ஏற்கனவே ஒரு வேலையோ தொழிலோ உள்ளவர்கள்தான் சேர முடியும். வயது 18 முதல் 42 வரை. வருடத்துக்கு இரண்டு மாதம் பயிற்சி, மீதி நாள் அவரவர் பிழைப்பு. தேவை என்று கூப்பிட்டால் போக வேண்டும். அப்படிக் கூப்பிட்டுப் பணியில் வைப்பதற்குப் பெயர் எம்பாடிமென்ட். அந்த நாட்களில் முழுநேர வீரருக்கு உள்ள சம்பளம் இவர்களுக்கும் உண்டு. திருப்பி அனுப்பினால் டிஸ்எம்பாடி. அன்றோடு சம்பளம் நிற்கும். இதற்கான சட்டம் 1948இல் வந்தது. 1949 அக்டோபர் 9ஆம் தேதி, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி இந்தப் படையைத் தொடங்கி வைத்தார். 1962, 1965, 1971 போர்களிலும், இலங்கைக்குப் போன அமைதிப்படையிலும் டி.ஏ. ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த டி.ஏ. பட்டாலியன்கள் கோவையிலும் கோழிக்கோட்டிலும் உண்டு. தமிழ் பேசும் பாலக்காட்டுக்காரர்களான எங்களுக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது. அண்ணன் எதில் சேர்ந்தார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. 2009இல் நடிகர் மோகன்லாலுக்கு டி.ஏ.வில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தார்கள். அதற்கப்புறம் எங்கள் பக்கம் டி.ஏ. என்றால் "லாலேட்டன் பட்டாளம்" என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

அண்ணனுக்குச் சிறு வயதிலிருந்தே பட்டாளம்தான் ஆசை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் ராலி இரண்டுக்குப் போனார். ஒன்றில் ஓட்டத்தில் நான்கு வினாடி பிந்திவிட்டார், இன்னொன்றில் மெடிக்கலில் தள்ளிவிட்டார்கள். அதற்குள் வயது கடந்துவிட்டது. அப்பாவிடம் காயில் கட்டக் கற்றுக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். அப்பா போன பிறகு கடை முழுக்க அவர் கைக்கு வந்தது. 2016இல் டி.ஏ. ராலி என்று கேள்விப்பட்டதும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டு வந்தார். சொந்தத் தொழில் இருக்க வேண்டும் என்ற விதி அவருக்கு வசதியாகவே இருந்தது. இந்தக் கடையைத்தான் காட்டினார். தேர்வானதைச் சொல்ல வந்தபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடையும் உண்டு, பட்டாளமும் உண்டு. இரண்டு மாதம்தானே, தம்பி பார்த்துக்கொள்வான்.

அந்த இரண்டு மாதத்தை நான் உண்மையாகவே பார்த்துக்கொண்டேன். அதில் ஒரு சிரமமும் இல்லை.

2018 நவம்பரில் எம்பாடிமென்ட் வந்தது. ஜம்மு காஷ்மீர், இரண்டு வருடம் என்றார்கள். அண்ணி அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். பாலக்காடு ஜங்ஷனில் ஹிம்சாகரில் ஏற்றிவிட்டோம். அந்த ரயிலில் ஏறினால் மூன்றாம் நாள்தான் ஜம்மு. பெட்டி நகர்ந்தபோது அண்ணன் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிச் சொன்னார்: "நோட்டு மேசை டிராயர்ல இருக்கு. அதப் பாத்துக் கட்டு, தப்பு வராது."

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் கம்பியைச் சுற்றுவது பாதி வேலை, கணக்கு பாதி வேலை. எரிந்த மோட்டார் வந்தால் பழைய கம்பியை வெட்டி எடுப்பதற்கு முன்னால் எத்தனை ஸ்லாட் (கம்பி உட்காரும் பள்ளம்), ஒரு காயிலுக்கு எத்தனை டர்ன் (சுற்று), எந்த கேஜ் (பருமன்) கம்பி என்று எண்ணிக் குறிக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளரின் மோட்டார் ஒரு தடவை நம் கைக்கு வந்துவிட்டால் அந்தக் குறிப்பு ஆயுசுக்கும் உதவும். அண்ணனுடைய நோட்டில் வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் வரைக்கும் முந்நூறு தோட்டத்து மோட்டார்கள் இருந்தன. ஆனால் அதை அவர் தனக்காக எழுதியிருந்தார். ஊர்ப் பெயருக்கு ஒற்றை எழுத்து, தோட்டத்துக்காரருக்கு ஒரு எழுத்து, மீதியெல்லாம் எண்கள். நடுவில் கோடு, புள்ளி, வட்டம்.

எங்கள் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். பாலக்காட்டின் மற்ற இடங்களில் ஆறும் வாய்க்காலும் ஓடும்போது இங்கே போர்வெல்தான் கதி. ஆழியாறு தண்ணீரில் கேரளாவுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் சொல்கிறது. அது எங்கள் மேட்டுத் தோட்டங்களுக்கு வந்து சேரும் என்று நம்பி யாரும் மாடு வாங்குவதில்லை. மாடும் தென்னையும் மோட்டாரை நம்பி இருக்கின்றன. அந்த மோட்டார்கள் எங்கள் கடையை நம்பி இருந்தன.

2019 செப்டம்பர் நடுவில் எருத்தேம்பதியிலிருந்து ஒரு பெரியவரின் சப்மெர்சிபிள் வந்தது. பன்னிரண்டு கறவை மாடு வைத்திருப்பவர். நோட்டைப் பார்த்தேன். 42 என்று எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி. புள்ளி எதற்கென்று புரியவில்லை. அண்ணனைக் கேட்கலாம் என்றால் வழியில்லை. வெளி மாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது என்று அவர் முதலிலேயே போஸ்ட்பெய்டு வாங்கியிருந்தார். ஆகஸ்ட் 5ஆம் தேதி 370ஆவது பிரிவை நீக்கிய அன்று அங்கே அந்த போனும் நின்றுவிட்டது. போஸ்ட்பெய்டு மறுபடி பேசியது அக்டோபர் 14ஆம் தேதிதான். நடுவில் யூனிட்டிலிருந்து இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் பேசினார். அந்த இரண்டு நிமிடத்தில் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதா, புள்ளியைப் பற்றிக் கேட்பதா?

42 டர்னே சுற்றினேன். ஒன்பதாம் நாள் மோட்டார் எரிந்தது.

அந்தத் தோட்டத்துக்கு வரும் கரண்ட் எப்போதும் வோல்டேஜ் குறைவு. அதனால் அண்ணன் இரண்டு டர்ன் குறைத்துக் கட்டுவார். புள்ளிக்கு அதுதான் அர்த்தம்: எழுதியிருப்பது கம்பெனிக் கணக்கு, கட்ட வேண்டியது 40. எழுநூற்றைம்பது அடி ஆழத்திலிருந்து பைப்பையெல்லாம் கழற்றி மோட்டாரை மேலே எடுக்க ஆளும் வண்டியும் வேண்டும். ஒன்பது நாளில் இரண்டாவது தடவையாக அந்தச் செலவு. மாடுகளுக்கு நான்கு நாள் டேங்கர் தண்ணீர். பெரியவர் என்னைத் திட்டவில்லை. மோட்டாரைக் கழற்றிப் பொள்ளாச்சிப் பக்கம் கொண்டுபோனார். அவர் போனது நான்கு பேருக்குத் தெரிந்தது. நான்கு பேரும் போனார்கள்.

பணியில் இருப்பவரின் கஷ்டத்தோடு இதையெல்லாம் ஒப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். அண்ணன் பனியில் நின்றார். நான் இங்கே கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். ஆனால் வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிடும்போது கூடவே அவர் தலைக்குள் இருக்கிற முந்நூறு தோட்டங்களும் போய்விடுகின்றன என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா?

நான் எழுத நினைத்த இன்னொரு விஷயம் காது குத்து. பாப்பா 2019 மார்ச்சில் பிறந்தாள். குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவது வழக்கம். அப்பா இல்லாமல் எப்படி? 2020 நவம்பரில் அண்ணன் வந்துவிடுவார், அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணி சொன்னார். அதற்குள் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் நாடு பூட்டப்பட்டபோது இங்கே தமிழக எல்லைச் சோதனைச்சாவடிகளான வாளையாரும் வேலந்தாவளமும் கோபாலபுரமும் ஒரே நாளில் அடைபட்டன. கோவையிலிருந்து வர வேண்டிய தாமிரக் கம்பி வரவில்லை. அங்கே அண்ணனுக்கு லீவு நின்றது. நவம்பர் வந்தது, இன்னும் ஆறு மாதம் என்றார்கள். மே மாதம் என்று கோயிலில் சொல்லிவைத்தோம். மே வந்தது, மறுபடி நீட்டித்தார்கள். இந்தத் தடவை தேதியே சொல்லவில்லை. "ஆர்டர் வரும்போது வரும்" என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் எங்களிடம் அதையே சொன்னார். மூன்று தடவை தள்ளிப்போன காது குத்து பாப்பாவுக்கு மூன்று வயது தாண்டிய பிறகுதான் நடந்தது.

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை சமையல்கட்டில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மூணரை வருசம்னு மொதல்லயே சொல்லியிருந்தா அதுக்குத் தக்கன மனச வெச்சிருப்பனுங் அத்தை. வந்துருவாரு வந்துருவாருன்னு நெனச்சு நெனச்சு ஏமாந்ததுதான் ஆகலை."

வருடங்களைப் பற்றி அண்ணி குறை சொல்லவே இல்லை. நகர்ந்துகொண்டே போன தேதியைத்தான் சொன்னார்.

2022 ஏப்ரலில் அண்ணன் வந்தார். மொத்தம் 41 மாதம். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. பாப்பா அங்கன்வாடியில் மலையாளம் பேசிப் பழகியிருந்தாள். அண்ணன் வாயில் பாதி இந்தி வந்தது. அப்பா "இதர் ஆவோ" என்கிறார், பிள்ளை "எந்தா" என்கிறாள். தமிழ் வீட்டில் இரண்டு பேரும் தமிழுக்குத் திரும்பி வர ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதம் வீட்டில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடையில்தான் கஷ்டம் தெரிந்தது. காயில் ஃபார்மர் என்ற அச்சில் கம்பியைச் சுற்றும்போது மனதுக்குள் எண்ணிக்கொண்டே போக வேண்டும். அப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் கவுண்டர் மெஷின் கிடையாது. அண்ணன் ரேடியோ கேட்டுக்கொண்டே எண்ணுவார், ஒரு டர்ன் தப்பாது. திரும்பி வந்தவருக்கு இருபதில் தப்பியது, முப்பதில் தப்பியது. ரோட்டில் ஒரு ஜீப் நின்றால் தலை திரும்பியது. யாராவது பின்பக்கமாக வந்து நின்றால் கம்பியை விட்டுவிட்டு எழுந்தார். சுற்றியதை அவிழ்ப்பார், மறுபடி முதலிலிருந்து சுற்றுவார். சில நாள் ஒரே காயிலை நான்கு தடவை அவிழ்த்தார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் ஒரு சாயங்காலம் அவரே விளக்கிச் சொன்னார். அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். காவலுக்கு நிற்பவன் எல்லாச் சத்தத்தையும் கேட்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் கூட இருப்பவன் உயிர் போகலாம். காயில் கட்டுபவன் எந்தச் சத்தத்தையும் கேட்கக் கூடாது, கேட்டால் எண்ணிக்கை போய்விடும். மூன்றரை வருடம் காதைத் திறந்து வைக்கப் பழகிவிட்டு, ஒரு ரயில் பயணத்தில் அதை மூடு என்றால் எப்படி முடியும்? இரண்டு மாதப் பயிற்சிக்குப் போய் வந்தபோது இந்தப் பிரச்சினை வந்ததே இல்லை. நாள் நீண்டதுதான் காரணம்.

முழுநேரப் பட்டாளத்துக்காரர் லீவு முடிந்து மறுபடி யூனிட்டுக்குப் போகிறார். அங்கே அவரைப் போலவே காது திறந்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள். டி.ஏ.காரருக்கு அந்தச் சுற்றம் கிடையாது. திங்கட்கிழமை வரை காவல், வியாழக்கிழமை கடை. பக்கத்தில் யாருக்கும் அது புரியாது. ஊரில் ஏதாவது மனக்கஷ்டம் என்று சொன்னால், "சம்பளம்தான் வந்ததே" என்பார்கள்.

அந்தச் சம்பளமும் வந்த மாதத்தோடு நின்றது. எம்பாடிமென்ட் காலத்தில் பணம் ஒழுங்காக வந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பிரசவச் செலவு, அம்மாவின் மருந்து எல்லாம் அதில்தான். நின்ற அன்று பார்த்தால் கடையில் வாடிக்கை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தாமிரம் வாங்க முதல் வேண்டும். ஒரு வங்கிக்குப் போனோம், பெயர் வேண்டாம். "சர்வீஸில் இருக்கிறீர்களா, சம்பளச் சீட்டு இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "சரி, கடையின் மூன்று வருட வரவு செலவு காட்டுங்கள்." அந்த மூன்று வருடம் அவர் கடையில் இல்லை. பட்டாளத்துக் கணக்கிலும் சேராமல் வியாபாரிக் கணக்கிலும் சேராமல் அண்ணன் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அண்ணி தன் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (கேரளத்துப் பெண்கள் சுயஉதவிக் குழு) கடன் எடுத்துத்தான் கம்பி வாங்கினோம்.

டெரிட்டோரியல் ஆர்மிச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பணிக்குப் போனவர் திரும்பி வரும்போது முன்பு இருந்ததற்குக் குறையாத நிலையில் முதலாளி அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் எங்கள் கடைக்கு முதலாளியே அண்ணன்தான். அவரை யார் திரும்ப எடுப்பது? போய்விட்ட எருத்தேம்பதிக்காரரை எந்தப் பிரிவு திரும்பக் கூட்டி வரும்? ராலிக்குப் போகும்போது சொந்தத் தொழில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். திரும்பி வரும்போது அந்தத் தொழில் இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

இது எங்களுக்கு மட்டும்தானா என்று தெரிந்துகொள்ள ராத்திரியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். உலகம் முழுக்க இப்படித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் நேஷனல் கார்டு என்று ஒரு படை. நம் டி.ஏ. மாதிரியே, சாதாரண நாளில் கடைக்காரர், ஆசிரியர், விவசாயி. ஈராக் போரில் மினசோட்டா மாநிலத்து நேஷனல் கார்டு பிரிகேடு ஒன்றை 2005இல் கூப்பிட்டார்கள். 2007 ஜனவரியில், ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், இன்னும் 125 நாள் என்று நீட்டித்தார்கள். மொத்தம் 22 மாதம், அதில் 16 மாதம் ஈராக்கில். அந்தப் போரில் அமெரிக்காவின் வேறெந்தப் பிரிவும் அவ்வளவு நாள் தொடர்ந்து அங்கே இருந்ததில்லை.

அவர்கள் திரும்பி வந்த பிறகு நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. படிப்புக்கான முழு உதவித்தொகை கிடைக்க 730 நாள் பணி ஆணை வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஆணையில் 729 நாள் என்று இருந்தது. ஒரே ஒரு நாள் குறைவு. செய்தி வெளியாகி எல்லோரும் கேட்ட பிறகு ராணுவம் அதைச் சரிசெய்தது. அதைப் படித்த ராத்திரி நோட்டின் அந்தப் புள்ளிதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவு சின்ன ஒன்று எவ்வளவு பெரியதை எரித்துவிடுகிறது!

அதே 2007 ஜனவரியில் அங்கே பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் கேட்ஸ் ஒரு மாற்றம் செய்தார். இப்படிப்பட்டவர்களை ஒரு தடவை கூப்பிட்டால் அதிகபட்சம் 12 மாதம். ஒரு வருடம் பணி செய்தால் ஐந்து வருடம் வீட்டில் இருக்க விடுவதை இலக்காக வைப்போம் என்றார். இலக்கை எப்போதும் எட்டினார்களா என்பது வேறு விஷயம். வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள், அது எனக்குப் பெரிதாகப் பட்டது. இஸ்ரேலில் 2023 அக்டோபரில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ரிசர்வ் ஆட்களைக் கூப்பிட்டார்கள். பலரை அதற்கப்புறம் மறுபடி மறுபடி கூப்பிட்டார்கள். அந்தப் போரின் நியாய அநியாயம் பெரிய விஷயம், அதற்குள் நான் போகவில்லை. பூட்டிக் கிடந்த சின்னக் கடைகளை மட்டும் நினைத்துப் பார்த்தேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பணிக்காலம் நீளக் கூடாது என்று அண்ணனோடு இருந்த எல்லோரும் நினைக்கவில்லை. நீள வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள். டி.ஏ. வீரருக்குப் பென்ஷன் வர எம்பாடி ஆன நாட்களைக் கூட்டி 15 வருடம் ஆக வேண்டும். வீட்டில் இருக்கும் நாள் அந்தக் கணக்கில் சேராது. ஊரில் சரியான பிழைப்பு இல்லாதவருக்குத் திருப்பி அனுப்பும் ஆர்டர்தான் பயம். அண்ணனுடைய கூட்டாளி ஒருவர் டிஸ்எம்பாடி ஆனதும் ரயிலில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாராம். ஆக, நீண்டால் ஒருவர் வீடு தவிக்கிறது, நீளாவிட்டால் இன்னொருவர் வீடு தவிக்கிறது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது, நாளை என்ன என்று முன்கூட்டித் தெரியாததுதான்.

அண்ணன் இந்தப் பட்டாளத்தை வெறுக்கவில்லை. 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவின்போது கோழிக்கோட்டு டி.ஏ. ஆட்கள் முண்டக்கை, சூரல்மலையில் இறங்கியதை டிவியில் பார்த்தார். மோகன்லாலும் சீருடையில் அங்கே வந்தார். அண்ணன் இரண்டு நாள் கடையில் சரியாக வேலை செய்யவில்லை. "கூப்பிட்டிருந்தா அப்பவே கெளம்பியிருப்பேன்டா" என்றார். சேற்றில் நின்று ஆளைத் தேடுகிறவர்களைப் பார்த்து அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். கூப்பிட வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை, அம்மாவும் சொன்னதில்லை.

கேட்பதெல்லாம் இதுதான். கூப்பிடும்போது எப்போது விடுவீர்கள் என்று சொல்லுங்கள். சொன்ன தேதியை மாற்ற வேண்டி வந்தால் வீட்டுக்கு நேராக ஒரு கடிதம் போடுங்கள். எங்களுக்கும் படிக்கத் தெரியும். திரும்பி வந்த அன்றே சம்பளத்தை நிறுத்தாமல், சொந்தத் தொழில் செய்கிறவர் கடையைத் தூக்கி நிறுத்த நான்கு மாதமாவது கொடுங்கள். அவர் இல்லாத வருடங்களைக் காட்டி வங்கி கடனை மறுக்க முடியாதபடி ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். காது மூடிக்கொள்ளும் வரை பேசுவதற்கு ஒரு ஆளைக் கொடுங்கள். போனில் ஒரு குரல் இருந்தால்கூடப் போதும். தன் மொழியில் பேசுகிற குரலாக இருந்தால் நல்லது.

அண்ணன் கை பழைய நிலைக்கு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. கவுண்டர் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று நான் சொன்னபோது வேண்டாம் என்றார். பத்துப் பத்தாக எண்ணி ஒவ்வொரு பத்துக்கும் சாக்பீஸால் மேசையில் ஒரு கோடு போட்டார். அப்புறம் இருபதுக்கு ஒரு கோடு. ஒரு நாள் பார்த்தால் மேசையில் கோடே இல்லை. எருத்தேம்பதிப் பெரியவர் 2023 கடைசியில் திரும்பி வந்தார். புள்ளி விஷயத்தை அண்ணன் அவரிடம் சொன்னார். அவர் என்னைப் பார்த்து, "அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பன் கண்ணு, நாப்பதுதான் சுத்தோணும்னு உங்கண்ணன் எங்கிட்டச் சொல்லியிருக்கறான்" என்றார். அவரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதை எழுதும் இன்று வரை அண்ணனுக்கு ஆர்டர் வரவில்லை. வரலாம். ஆணையில் உள்ள தேதி 2028 பிப்ரவரி வரை இருக்கிறது. மே 9ஆம் தேதி ராத்திரி கடை சாத்திய பிறகு அவர் ஒரு நீள நோட்டு வாங்கி வந்தார். பழைய நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்தார். ஊர்ப் பெயரை முழுதாக, தோட்டத்துக்காரர் பெயரை முழுதாக, எத்தனை ஸ்லாட், எத்தனை டர்ன், எந்த கேஜ், வோல்டேஜ் எப்படி என்று எல்லாவற்றையும் தமிழில் எழுத ஆரம்பித்தார். புள்ளி, வட்டம் எதுவும் இல்லை. தினம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு பக்கம். அவர் சொல்லச் சொல்ல அண்ணி எழுதுகிறார், அண்ணியின் கையெழுத்துதான் எங்கள் வீட்டில் தெளிவானது. நான் திருப்பிப் படித்துச் சரிபார்க்கிறேன். பாப்பா தூங்காமல் உட்கார்ந்து எண்களை மட்டும் மலையாளத்தில் கூடவே சொல்கிறாள்.

நேற்று வடகரப்பதி முடிந்தது. இன்னும் முப்பது பக்கம் இருக்கிறது.